அத்தான் சோபாவிலிருந்து எழுந்த கதை

என் அக்கா புருஷனுக்கு உட்காருவதுதான் உத்தியோகம். சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான். எங்கள் ஊரில் நான்கு மாடி வைத்த மரச்சாமான் கடை ஒன்று இருக்கிறது. அதன் தரைத்தளத்தில் சோபா விற்பவர் அவர். அதே கடையில் பில் போடுகிறவள் நான். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் சோபாப் பிரிவு ஒரு மூலை விடாமல் தெரியும். அதனால் இந்தக் கதையில் பெரும்பாலானவற்றை நான் கண்ணால் பார்த்தே சொல்கிறேன். கேள்விப்பட்டதைச் சொல்வதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழகுபடுத்தியிருப்பேன்.

மற்ற விற்பனையாளர்கள் மெத்தையைக் கையால் அமுக்கிக் காட்டுவார்கள், துணியைத் தடவிக் காட்டுவார்கள். அத்தான் அதெல்லாம் செய்ய மாட்டார். "வாங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர்கள் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துவிடுவார். ஒரு நீண்ட மூச்சு விடுவார். பிறகு வீட்டில் யார் படுத்துக்கொண்டே டிவி பார்ப்பது, யாருக்குக் கால் நீளம், சோபாமேல் ஏறிக் குதிக்கும் வயதில் யாராவது உண்டா என்று மெல்ல விசாரிப்பார். பேச்சு மாமியார்வரை போய்விட்டால் வியாபாரம் முக்கால்வாசி முடிந்ததென்று அர்த்தம். அப்போது அத்தான் முதலில் எழுந்து நிற்பார். அவர் எழுந்தால் அவர்களும் எழுவார்கள். எழுந்தவர்கள் நேராக என்னிடம் வருவார்கள்.

"உட்கார்றது யார் வேணா உட்காரலாம்மா, எந்திரிக்கிற நேரம்தான் வியாபாரம்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். அந்த நேரம் அவருக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

தப்பியது போன வருஷம். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்திருந்தது. பேச்சு மாமியாரைத் தாண்டி நாத்தனாரிடம் போய்விட்டது. நான் பில் இயந்திரத்தில் காகிதச் சுருளைக்கூட மாற்றி வைத்துவிட்டேன். அத்தான் கைப்பிடியில் கையை ஊன்றினார். எழவில்லை. இன்னொரு தடவை ஊன்றினார். பாதி எழுந்து, அங்கேயே ஒரு யோசனை வந்தவர் மாதிரி நின்று, திரும்ப உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் அவர் பேசி முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். அத்தானும் வேறு வழியில்லாமல் பேசினார். ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினார், மரத்தைப் பற்றிப் பேசினார், மரம் வளர எத்தனை வருஷம் ஆகும் என்பதைப் பேசினார். கடைசியில் தன் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர் வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து அத்தானைத் தூக்கிவிட்டார்கள்.

முதல் மாடியில் கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்குக் கோபம் வராது, கணக்குத்தான் வரும். அத்தானைக் கூப்பிட்டு, "மூணு மாசத்துல புது சரக்கு வருது. எல்லாம் தாழ்வான சோபா, முழங்காலுக்கும் கீழ. இப்ப அதுதான் ஃபேஷனாம். இதுலயே எந்திரிக்க முடியலன்னா அதுல என்ன செய்வீங்க? அதுக்குள்ள உடம்பைச் சரி பண்ணிக்கங்க. இல்லன்னா குடோன்ல போன் எடுங்க. அங்க நாற்காலி உயரமாத்தான் இருக்கு" என்றார். சோபாப் பிரிவுக்குத் தன் மாப்பிள்ளையைப் போடுவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை என்றால் அவர் மகளைக் கட்டியவர். கடையில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம், சாமான் ஏற்றுகிறவர்கள் உட்பட.

குடோனில் ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி. அதில் கூப்பிடுகிற அத்தனை பேரும் ஒரே விஷயத்துக்குத்தான் கூப்பிடுவார்கள், சோபா இன்னும் வரவில்லை என்று. முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. அத்தானோ நாலு முகத்தைப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காத மனுஷன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் தம்பி என்ன படிக்கிறான் என்பதை மூன்று நிறுத்தத்துக்குள் தெரிந்துகொண்டுவிடுவார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்துபோகும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தால் வாய் சும்மா இருக்காது.

"ஐந்துல வளையாதது ஐம்பதுல வளையுமா அத்தான்?" என்றேன்.

"எனக்கு நாப்பத்தொம்பதுதான் ஆகுது" என்றார் அத்தான். "இன்னும் டைம் இருக்கு."

எங்கள் கடைக்குப் பின்சந்தில் முன்பு டயர் அடுக்கி வைத்திருந்த ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. டயர்க்காரர் போய்விட்டார், வாசனையும் நாலைந்து டயரும் மட்டும் போகவில்லை. அங்கே ஒரு பெண் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். முப்பது வயதிருக்கும், கட்டையாக வெட்டிய தலைமுடி. எல்லோரும் அவளைக் கோச் என்பார்கள். கண்ணாடி, பாட்டு, பளபளப்பான மெஷின் எதுவும் அங்கே இல்லை. மணல் மூட்டை, தடிமனான கயிறு, மரப்பெட்டிகள், கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகள், அந்தப் பழைய டயர்கள், அவ்வளவுதான். சுவரில் ஒரு கரும்பலகை. ஒருநாள் எழுதியதை மறுநாள் எழுத மாட்டாள். இன்று மூட்டை தூக்கினால் நாளை கயிறு இழுக்க வேண்டும், நாளன்றைக்கு டயரைப் புரட்டிவிட்டுப் பின்சந்து முழுக்கச் சுற்றி ஓட வேண்டும். "வாழ்க்கையில உங்களுக்கு எது வரும்னு முன்கூட்டியே தெரியுமா? தெரியாதில்ல. அப்ப எல்லாத்துக்கும் உடம்பு தயாரா இருக்கணும்" என்பது அவள் கொள்கை.

முதல் நாள் மதிய இடைவேளையில் நானும் துணைக்குப் போனேன். துணைக்கு என்று சொன்னேன், வேடிக்கை பார்க்க என்பதுதான் சரி. பலகையில் இருந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு அத்தான் கோச்சிடம் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பத்துங்கிறது முடிவான விலையா, கொஞ்சம் குறையுமா?" என்று கேட்டார்.

"பத்துன்னா பத்துதான் சார்."

"ஏழு போட்டுக்கலாம். ரெண்டு பேருக்கும் நஷ்டமில்லாம."

"பன்னெண்டு" என்றாள் கோச்.

அத்தான் வியாபாரி. எதிராளி விலையை ஏற்ற ஆரம்பித்தால் உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும். பத்துக்கு ஒத்துக்கொண்டார்.

அந்தப் பத்து என்னவென்றால், பின்னால் போட்டிருக்கும் மரப்பெட்டியில் பின்புறம் தொட்டதும் எழுந்துவிட வேண்டும், பத்துத் தடவை. தொட வேண்டும், அவ்வளவுதான், உட்காரக் கூடாது. கோச் இரண்டு தடவை செய்து காட்டினாள். அத்தான் தலையாட்டிக்கொண்டு போய்ப் பெட்டிமுன் நின்றார். இறங்கினார். பெட்டி பட்டதும் நன்றாக உட்கார்ந்தார். ஒரு நீண்ட மூச்சு விட்டார். கால்மேல் கால் போட்டார். பிறகு கோச்சைப் பார்த்து ஏதோ விசாரிக்க வாயைத் திறந்தபடி அப்படியே பின்னால் சாய்ந்தார்.

பெட்டிக்கு முதுகு கிடையாது.

கீழே தடித்த பாய் விரித்திருந்ததால் அடி ஒன்றுமில்லை. கால்மேல் போட்ட கால் மட்டும் கலையாமல் மேலே தெரிந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், பின்புறத்தில் ஏதாவது பட்டால் அவர் உடம்பு தானாகச் செய்வது இதுதான். கோச் எத்தனையோ பேரைப் பார்த்தவள், இப்படி ஒரு விழுதலைப் பார்த்ததில்லை என்றாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க சார்?" என்று கேட்டாள். படுத்த வாக்கிலேயே சொன்னார். எந்தக் கடை, என்ன ரகம், எந்த நேரம் வந்தால் கூட்டம் இருக்காது என்பதையும் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் கயிறு மாட்டியிருந்த கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதல் மாதம் அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்கினார். தும்மல் வந்தால் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் தும்மினார். என் அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வலித் தைலத்தில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் வீட்டுக்குள் போனால் கண் எரியும்.

"ஏன்க்கா, பேசாம விட்டுட வேண்டியதுதானே? இந்த வயசுல இது என்ன கூத்து" என்றேன் ஒருநாள்.

அக்கா அவர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் குடோனுக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்கிட்டயும் பேச மாட்டாருடி" என்றாள். "எனக்கு இந்த நாத்தம் பரவாயில்ல."

நான் மூடியைத் தேடி எடுத்து, தைலச் சீசாவை மூடி வைத்தேன்.

இரண்டாவது மாதத்தில் வேறு விதமான தொல்லை ஆரம்பித்தது. அத்தானுக்குத் தெம்பு வந்துவிட்டது. தெம்பு வந்தவன் சும்மா இருப்பானா? வீட்டில் எதையும் அதன் இடத்தில் இருக்க விடவில்லை. ஃபிரிட்ஜை நகர்த்திப் பெருக்கினார். பீரோவை நகர்த்திப் பெருக்கினார். பெருக்குவது அவருக்கு முக்கியமில்லை, நகர்த்துவதுதான். ஈரத்துணி நிரம்பிய வாளிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். துணியைக் காயப்போட வேண்டும் என்று அக்கா ஞாபகப்படுத்தும்வரை நடந்தார். பள்ளத்துக்குப் பழகுகிறேன் என்று நாள்தோறும் இன்னும் கொஞ்சம் தாழ்வான சாமானில் உட்கார்ந்து எழுந்தார். வரப்போகிற தாழ்வான சோபாவுக்குக் கடையில் நாங்கள் வைத்த பெயர்தான் பள்ளம். நாற்காலி முடிந்து முக்காலி, முக்காலி முடிந்து கவிழ்த்த வாளி, வாளி முடிந்து செருப்பு அலமாரி என்று இறங்கிக்கொண்டே போனார். செருப்பு அலமாரி உடைந்த அன்று அக்கா இரண்டு வேளை சமைக்கவில்லை.

ஓடுவதுதான் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "நான் சோபா விக்கிறவன்மா, சோபாவைத் திருடுறவன் இல்ல. நான் எதுக்கு ஓடணும்?" என்று கோச்சிடம் வாதாடிப் பார்த்தார்.

"மூச்சு எல்லாத் தொழிலுக்கும் வேணும் சார். பேசிக்கிட்டே ஓடுங்க. பேச முடியலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம், குறைச்சுக்கங்க."

பேசலாம் என்று தெரிந்த பிறகு அத்தானுக்கு ஓட்டம் கசக்கவில்லை. பக்கத்தில் ஓடுகிறவர்களிடம் குடும்ப விஷயம் விசாரித்துக்கொண்டே பின்சந்தெல்லாம் சுற்றினார். அவரோடு ஓடினால் வீட்டு ரகசியம் போய்விடுகிறது என்று பயந்து சிலர் வேகத்தைக் கூட்டினார்கள். பாதியில் விட்ட பேச்சை முடிக்க அத்தானும் கூட்டினார். ஒருநாள் இரண்டு கையிலும் இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், சந்து முனையில் ஒரு அம்மாள் எங்கள் கடைக்கு வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டார். குண்டைக் கீழே வைக்க அனுமதி இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு அந்த அம்மாளைக் கடைக்குள் கூட்டிவந்து, எது மூன்று பேர் உட்காருவது, எது விரித்தால் கட்டிலாவது என்று மோவாயால் காட்டினார். அந்த அம்மாள் குண்டுகளை இலவச இணைப்பு என்று நினைத்துக்கொண்டார். பில் போடும்போது என்னிடம் ஒரு ஜோடி கேட்டார்.

பள்ளம் வந்து இறங்கியது. அகலமாக, மழைக்கால வானத்தின் நிறத்தில், தரையோடு தரையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு நல்ல சோபாவின் காலை வெட்டிவிட்டார்கள் என்று தோன்றும். முதலில் மாப்பிள்ளை உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் கால்சட்டை உடம்போடு தைத்தது மாதிரி இருக்கும். பாதி இறங்கும்போதே ஒரு சத்தம் கேட்டது. அவர் இறங்குவதை நிறுத்திவிட்டு, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து மாடிக்குப் போனார். சிரிக்கக் கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானம் கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி கையில் அளவு நாடா. கணவன் ஒல்லியாக, கால் மட்டும் தனியாக வளர்ந்தவர். மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி வந்து நின்றார். அத்தான் அவர்களைப் பள்ளத்தில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். மூச்சு விட்டார். விசாரித்தார். நாடா மடியில் சுருண்டது. பேச்சு மாமியாரிடம் வந்து, மாமியார் காலமாகிவிட்டதால் மாமனாரிடம் போனது. இப்போது எழ வேண்டும். என்ன கிண்டல் பண்ணினாலும், அவர் எழ வேண்டும் என்று என்னைவிட அதிகமாக அந்த நேரத்தில் யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

அத்தான் குதிகாலைப் பின்னுக்கு இழுத்தார். நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். கொட்டகையில் பழகியபடி மூச்சை உள்ளே இழுத்து, "ஹும்" என்று ஒரு சத்தம் கொடுத்து, எதையும் பிடிக்காமல் நேராக எழுந்து நின்றார். சாமான் ஏற்றுகிறவர் ஒருவர் கை தட்டிவிட்டார்.

அந்தப் பெண் பள்ளத்துக்குள்ளிருந்து அத்தானை அண்ணாந்து பார்த்தாள். "இதுல இருந்து எந்திரிக்க இவ்வளவு செய்யணுமா?" என்று கேட்டாள்.

அத்தான் பதில் சொல்வதற்குள் அவள் கணவன் பக்கம் திரும்பி, "எங்க, நீங்க எந்திரிங்க பாப்போம்" என்றாள். கணவன் முயன்றார். அந்தக் கால்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது முயற்சியில் தரையில் ஒரு கையை ஊன்றி, தவழ்வதுபோல வெளியே வந்தார். "இவரே இப்படின்னா மாமா என்ன செய்வாரு? வேணாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் நாடாவைப் பையில் போட்டாள். இருவரும் போய்விட்டார்கள்.

முதலாளி இறங்கி வந்தார். "எந்திரிச்சீங்க, ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா நீங்க எந்திரிச்ச எந்திரிப்புல கஸ்டமரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. எனக்குச் சோபாதான் விக்கணும், வித்தை இல்ல. நாளையிலேருந்து குடோனுக்குப் போயிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் அந்த மனுஷன் பட்டது இவருக்குத் தெரியுமா? நாலு வார்த்தை கேட்கலாம் என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். ஆனால் அத்தான் என்னைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. வாசல் கண்ணாடி வழியாக எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருவரும் அப்போதுதான் பேருந்தில் ஏறினார்கள்.

"சார், கடை மூடறதுக்குள்ள அவங்க திரும்பி வந்து வாங்கினா?" என்றார்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. "வந்தா நீங்களே இங்க இருங்க. நான் ஏன் வேணாங்கப் போறேன்."

பேருந்து கிளம்பிவிட்டது. அத்தானும் கிளம்பிவிட்டார். கண்ணாடிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. செல்போனைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மனசு உடைந்து போகிற மனுஷன், போனும் இல்லாமல் போகிறார், ஏதாவது ஆகிவிட்டால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போனை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

பேருந்துக்குப் பக்கத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை தெரிந்தது. நான் முதல் முனைவரை நன்றாகத்தான் ஓடினேன். அதற்குப் பிறகு விலாவில் ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டாவது முனையில் ஒரு செருப்பு கழன்றது. சட்டை ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து, வெளியே வந்து, இன்னும் சின்னதாகிக்கொண்டே போயிற்று. நடைபாதையில் ஒரு சாவி செய்கிறவர் கடை போட்டிருந்தார். நான் அவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்தார்.

"யாராவது துரத்துறாங்களாம்மா?" என்று கேட்டார்.

முன்னால் கையைக் காட்டினேன்.

"ஓ, இப்ப ஓடினாரே, அவரா? நல்லா பேசுறாரு. உங்க கடையில இடுப்பு வலிக்காம உட்கார்ற மாதிரி ஒண்ணு இருக்காமே."

அடுத்த நிறுத்தத்தில் அத்தான் பேருந்தைப் பிடித்துவிட்டார். உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் பிறகு பில் போடும்போது சொன்னதுதான். ஏறின உடனே, மூச்சு வாங்காமல், நின்ற இடத்திலிருந்தே பேச ஆரம்பித்தாராம். "அம்மா, அந்தச் சோபா உங்களுக்கு வேணாம். நான் எந்திரிக்கவே மூணு மாசம் ஆச்சு. நான் தப்பானதுல உங்களை உட்கார வச்சிட்டேன். இப்ப நீங்க உட்கார்ந்திருக்கீங்களே இந்த சீட்டு, இதுல இருந்து எந்திரிச்சுப் பாருங்க. எவ்வளவு லேசா இருக்கு? உங்க மாமனாருக்கு இந்த உயரம்தான். இதே உயரத்துல எங்ககிட்ட இருக்கு." அவள் எழுந்து பார்த்தாள். கணவனும் எழுந்தார், ஒரே முயற்சியில். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் கேட்காமலே எழுந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்றாராம். அப்புறம் பேருந்தில் பாதிப் பேர் எழுவதும் உட்காருவதுமாக இருந்திருக்கிறார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு யாருக்கு இறங்க வேண்டும் என்று கத்தியிருக்கிறார். அந்தப் பெண் பையிலிருந்து நாடாவை எடுத்து, பேருந்து இருக்கையின் உயரத்தை அளந்துகொண்டாள்.

அவர்கள் வாங்கினார்கள், கடை மூடுவதற்குள். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குடோன் தொலைபேசியை இப்போது மாப்பிள்ளை எடுக்கிறார், தொளதொளவென்ற கால்சட்டையில். இதையெல்லாம் இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கடைசியாகச் சொல்ல வேண்டியது வேறு.

எதிர்த்திசைப் பேருந்து வந்து நின்றபோது நான் அந்த ஸ்டூலில்தான் இருந்தேன். அத்தான் அங்கேயே இறங்கிவிட்டார், பேச்சை நிறுத்தாமல். அவருக்குப் பின்னால் கணவன், மனைவி, அப்புறம் அந்தப் பின்சீட்டுப் பெரியவர். என்னைப் பார்த்ததும் அத்தான் வேகமாகச் சாலையைத் தாண்டி வந்தார்.

"என்னம்மா ஆச்சு? இங்க என்ன பண்ற? முகமெல்லாம் சிவந்து கிடக்குது."

நான் போனை நீட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எத்தனையோ இருந்தது சொல்ல. காற்றுதான் வந்தது. பேச்சுப் பழகிய நாளிலிருந்து நான் பேச்சில்லாமல் நின்றதை என் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

இந்தச் சமயத்துக்காக அவர் மூன்று மாதம் காத்திருந்திருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அத்தான் கிண்டல் பண்ணவில்லை. "கொஞ்சம் இருங்க, இவங்க எங்க பில்லிங், இவங்க வராம பில் போட முடியாது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் எதிரில், இரண்டு பாதமும் தரையில் பதிய, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கழன்று போன செருப்பு எங்கே என்று கேட்டார். அவசரமே இல்லாத மனுஷன் மாதிரி, என் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்தார். எழுந்து எனக்குக் கையைக் கொடுத்தார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. சாவிக்காரரின் ஸ்டூல் ஒன்றும் தாழ்வானதில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்தேன்.